கயிற்றில் இறங்கிய சாக்லேட் உருண்டை

பிற்பகல் இரண்டு நாற்பது. தெருமுனையில் திரும்பியதும் நான் முதலில் பார்த்தது காற்றில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு பெட்டி.

சிவப்பு அரக்குப் பூசிய வட்டப் பெட்டி. நைலான் வலைப்பைக்குள் உட்கார்ந்து, எங்கள் நாலாம் மாடி பால்கனியிலிருந்து கயிற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டாம் மாடிக்கு வந்ததும் கயிறு நின்றது. பெட்டி இடப்பக்கமாக மெல்லச் சுழன்றது. பிறகு மறுபடியும் இறங்கியது.

கீழே, கடை வாசலில், காசிம் பாய் அண்ணாந்து பார்த்தபடி இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார்.

நான் ரொட்டிப் பொட்டலத்தோடு எதிர் நடைபாதையிலேயே நின்றுவிட்டேன். எங்கள் வீட்டுக் கயிற்றில் அந்தக் கடைக்கு ஏதாவது இறங்கி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. காசிம் பாயும் என் கணவர் செல்வராஜும் பேசிக்கொள்வதில்லை. வரும் புதன்கிழமை பாய் கடையைக் காலிசெய்துவிட்டுப் பினாங்கிலிருக்கும் மகனிடம் போகிறார். திரும்பி வருவதாக இல்லை. அதற்குள் இந்த இரண்டு பேரும் ஒரு வார்த்தையாவது பேசிவிட மாட்டார்களா என்பதுதான் சில வாரங்களாக என் கவலை.

பாய் பையை அவிழ்த்துப் பெட்டியை எடுத்தார். கடைக்குள் போகவில்லை. வாசலில் கிடந்த பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து மூடியைத் திறந்தார். ஒன்றை எடுத்து வாயில் போட்டார். மென்று முடித்தார். பெட்டியைச் சற்றே திருப்பி இன்னொன்றை எடுத்தார்.

அது அவர் சாப்பிடுவதற்காக இறக்கப்பட்டதல்ல. அவருடைய கடை ஃப்ரீசரில் வைப்பதற்காக இறக்கப்பட்டது.

குளிர் கேட்கும் செய்முறை

அன்று ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு ஈஸ்டர் ஆராதனை முடிந்ததும் எங்கள் வீட்டிலிருந்து ஏதாவது இனிப்பு போவது வழக்கம். முன்பெல்லாம் கேக். மின்சாரம் முறைவைத்து வர ஆரம்பித்த பிறகு என் மின்சார ஓவனுக்கு வேலை போய்விட்டது. இப்போது அதற்குள் வெங்காயம் வைத்திருக்கிறேன்.

இந்த வருடம் என் மகள் எஸ்தர் கைபேசியில் ஒரு செய்முறை கண்டுபிடித்தாள். ரங்கூனின் கியாக்டடா பகுதியில் ஒரு கப்பல் கம்பெனி அலுவலகத்தில் வேலை செய்கிறாள். தமிழில் ஆரம்பித்துப் பர்மிய மொழியில் முடிக்கிறவள். சமையலில் அக்கறை கிடையாது, வீடியோக்களில் உண்டு.

“மம்மி, இதுக்கு அடுப்பே வேண்டாம். பீநட் பட்டர், பிஸ்கட் தூள், சாக்லேட். உருட்டணும், முக்கணும், முடிஞ்சுது.”

பீநட் பட்டர் பாட்டில் விலையைக் கேட்டுவிட்டு நாங்கள் கடலையாகவே வாங்கினோம். மக்வே பக்கத்துச் சிறு கடலை, தோல் சிவப்பு. இரும்புச் சட்டியில் வறுத்து, துணியில் போட்டுத் தேய்த்து, தோலைப் பால்கனியில் நின்று புடைத்தேன். மூன்றாம் மாடியில் காயப்போட்டிருந்த ஒரு வெள்ளைச் சட்டையில் கொஞ்சம் போய் ஒட்டியது. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

மிக்ஸிக்கு மின்சாரம் இல்லை. சின்னக் கல்லுரலில் இடித்தோம். கடலையை இடித்தால் முதலில் குருணை, அப்புறம் மாவு, அப்புறம் இது இனிமேல் ஒன்றும் ஆகாது என்று தோன்றும் ஒரு கட்டம். அங்கே விட்டுவிடக் கூடாது. இன்னும் கொஞ்ச நேரம் குழவியை அழுத்தி அரைத்தால் அது தானாக ஈரமாகும், பளபளக்கும், உரலின் ஓரத்தை விட்டு வழியும். அந்த இடத்தில் சமையலறை முழுக்க எண்ணெய்ச் செக்கின் வாசனை வந்தது.

பொடித்த பனைவெல்லம், உப்பு, பால்பவுடர், பிஸ்கட் தூள் சேர்த்துப் பிசைந்து, கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக உருட்டினோம். தாய்லாந்திலிருந்து வரும் சாக்லேட் கட்டியைக் கிண்ணத்தில் போட்டு, கிண்ணத்தைக் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்தேன். வைத்திருக்கவே வேண்டாம். ஏப்ரல் மாதத்தில் எங்கள் நாலாம் மாடியில் சாக்லேட் மேஜைமேலேயே உருகும்.

செல்வராஜ் வந்து எட்டிப் பார்த்தார். “கடலைமிட்டாய்க்குக் கோட்டு போட்டுவிட்ட மாதிரி இருக்கே” என்றார்.

“டாடி, கையை எடுங்க. இன்னும் காயல.”

“எப்பக் காயும்?”

அதுதான் கேள்வி. அடுப்பே வேண்டாம் என்று பெருமைப்படும் செய்முறை, கடைசி வரியில் ஒரு மணி நேரம் குளிரில் வைக்கச் சொல்லியிருந்தது. எங்கள் வீட்டில் இரண்டு அடுப்பு இருக்கிறது. இல்லாதது குளிர்தான்.

விடிகாலையில் வந்த மின்சாரம் காலையிலேயே போய்விட்டது. குளிர்பெட்டியைத் திறந்தால் அலமாரியைத் திறந்த மாதிரி இருந்தது. முதலில் உருட்டியவற்றைத் தூக்குச்சட்டியில் அடுக்கி அதற்குள் வைத்திருந்தோம். மத்தியானம் பார்த்தபோது எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகியிருந்தன. பிரித்து மறுபடி உருட்டி, மறுபடி சாக்லேட்டில் முக்கினோம்.

“ஒரு மணி நேரம் குளிர வைங்கன்னு எவ்வளவு சுளுவா சொல்றான் பாருங்க” என்றாள் எஸ்தர். “அந்த ஆளு வீட்டு மீட்டரே வேற போல.”

ரொட்டி வாங்க நான் கிளம்பியபோது உருண்டைகள் தட்டில் வியர்த்துக்கொண்டிருந்தன. செல்வராஜ் பின்னறையில் ஈரத்துண்டை மார்பில் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

கயிறு

ரங்கூனுக்கு வராதவர்களுக்குக் கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். லான்மடாவில் எங்கள் தெருவில் கட்டடங்கள் ஆறு மாடி, ஏழு மாடி, லிஃப்ட் கிடையாது. அதனால் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெரு வரை தொங்கும். கீழ் நுனியில் ஒரு கிளிப், மேல் நுனியில் ஒரு மணி. கீழே நிற்பவர் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். காலையில் செய்தித்தாள் அதில்தான் ஏறும். முட்டை, கறிவேப்பிலை, மருந்து, மறந்துவிட்டுப் போன சாவி எல்லாம் அதில்தான் ஏறும், இறங்கும்.

நான் வேலை செய்த நாளிதழும் அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. இரவு நானே பக்கம் முடித்துவிட்டு வந்த பேப்பர், காலையில் கயிற்றில் ஏறி வரும். அதில் பிழை இருந்தால் பால்கனியில் நின்றபடியே கண்டுபிடிப்பேன். அந்த நாளிதழ் இப்போது இல்லை. கிளிப் இருக்கிறது.

கயிற்றில் என்ன இறங்குகிறது என்பது தெரு முழுக்கத் தெரியும். அதனால் யாரும் மறைக்க வேண்டியதைக் கயிற்றில் விடுவதில்லை.

வார்டு ஆபீஸ் தூரம்

காசிம் பாய் எங்களுக்கு முன்பே அந்தக் கட்டடத்துக்கு வந்தவர். அவருடைய பெரியவர்கள் காயல்பட்டினம் பக்கத்திலிருந்து வந்து இங்கே வியாபாரம் தொடங்கியவர்கள். அவருக்கு முதல் மாடியில் வீடு, தரைத்தளத்தில் ஒரு கடை: ஐஸ், குளிர்பானம், முட்டை, அரிசி. செல்வராஜ் இன்சீன் ரயில்வே பட்டறையின் அலுவலகத்தில் குமாஸ்தா. சுற்று ரயிலில் போய், சுற்று ரயிலில் வருவார். வந்ததும் மாடி ஏற மாட்டார். பாய் கடை வாசலில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். நான் மேலேயிருந்து மணியை ஆட்டினால்தான் எழுந்திருப்பார்.

மின்வெட்டு அதிகமானபோது பாய் ஒரு ஜெனரேட்டர் வாங்கினார். ஐஸ் வியாபாரிக்கு வேறு வழியில்லை. அதை மாடிப்படிக்கு அடியில் வைத்தார். புகை படிக்கட்டு வழியாக மேலே ஏறியது. புகைக்கூண்டு மாதிரி அந்தப் படிக்கட்டுக்கு வெளியேறும் வழி உச்சியில்தான் இருந்தது. செல்வராஜுக்கு மூச்சிழுப்பு உண்டு.

அவர் கீழே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ரயில்வேயில் வேலை செய்தவர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. பக்கத்து மேஜைக்காரனிடம் சொல்ல வேண்டியதையும் மேலதிகாரி மூலமாகத்தான் சொல்வார்கள். அப்படிச் சொன்னால்தான் அதில் சொந்தக் கோபம் இல்லை என்று ஆகும் என்பது அவர்கள் எண்ணம். செல்வராஜ் இரண்டு தெரு தள்ளியிருக்கும் வார்டு ஆபீஸுக்குப் போய் முறையாகப் புகார் சொல்லிவிட்டு வந்தார்.

வியாபாரிகளின் பழக்கம் வேறு. எதுவாக இருந்தாலும் கல்லாவுக்கு முன்னால் நின்று முகத்தைப் பார்த்துப் பேசிவிட வேண்டும். அதிலும், இந்தக் காலத்தில் இந்த ஊரில், அண்டை வீட்டுக்காரனைப் பற்றி ஆபீஸில் போய்ப் பேசுவது என்றால் காட்டிக்கொடுப்பது என்றே பொருள்.

ஆபீஸிலிருந்து ஆள் வந்து சொன்ன அன்றே பாய் ஜெனரேட்டரைப் பின்சந்துக்கு மாற்றினார். மறுநாள் செல்வராஜ் கடையைத் தாண்டும்போது கேட்டார். நானும் கூட இருந்தேன்.

“நாலு மாடி இறங்கி வந்து எங்கிட்ட சொல்லத் தோணலையா செல்வம்? வார்டு ஆபீஸ் அதைவிட தூரமாச்சே.”

“முறையாத்தான் சொன்னேன் பாய்.”

“ஆமா. முறையாத்தான்.”

அவ்வளவுதான். குரல் உயரவில்லை. அன்றோடு அந்த இரண்டாவது முக்காலி உள்ளே போயிற்று. அதற்குப் பிறகு நாங்கள் முட்டையை எதிர்ச்சாரியில் வாங்கினோம். நான் பாயைப் பார்த்தால் தலையசைப்பேன், அவரும் “நல்லாருக்கியா தங்கச்சி” என்பார். எஸ்தருக்கும் கடையில் இருபது வருடமாக வேலை செய்யும் மா தீடாவுக்கும் பேச்சு நிற்கவில்லை. நின்றது இரண்டு ஆண்களுக்கு நடுவில் மட்டும். படியில் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோரம் ஒதுங்குவார். ஒதுங்குபவர் அநேகமாக செல்வராஜ்.

பெட்டி

ரொட்டி வாங்க நான் போயிருந்த நேரத்தில் எஸ்தர் மா தீடாவுக்குப் போன் செய்திருக்கிறாள். ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் இடம் கிடைக்குமா, டாடி தூங்குகிறார், சத்தம் போடாமல் கயிற்றில் இறக்குகிறேன் என்று. இறக்கிக்கொள்ளுங்கள் என்று மா தீடா சொல்லியிருக்கிறாள்.

எதில் வைத்து இறக்குவது? தூக்குச்சட்டியில் ஒட்டியதை எஸ்தர் பார்த்துவிட்டாள். தடுப்பு வைத்த பாத்திரம் வேண்டும். வீட்டில் அப்படி இருந்தது ஒன்றுதான்: என் கல்யாணத்துக்கு நாளிதழ் நண்பர்கள் கொடுத்த லஃபெட் பெட்டி. நடுவில் ஒரு வட்ட அறை, சுற்றிலும் ஆறு அறை. நடு அறையில் ஊறவைத்த தேயிலை. சுற்றறைகளில் வறுத்த கடலை, எள், பொரித்த பூண்டு, அவரைப்பருப்பு. விருந்தாளிகள் முன்னால் பர்மியர்கள் வைப்பது. எங்கள் வீட்டிலும் வைப்போம்.

எஸ்தரின் வயதுக்காரர்கள் லஃபெட்டைப் பிளாஸ்டிக் தட்டில், டீக்கடையில், தக்காளி போட்டுப் பிசைந்து சாப்பிட்டுப் பழகியவர்கள். அவளுக்கு அது தடுப்பு வைத்த ஒரு டப்பா.

எனக்கு அது வேறு. எங்கள் நாளிதழில் இரண்டு உதவி ஆசிரியர்கள் ஒரு தலைப்புக்காகச் சண்டை போட்டுக்கொண்டு, ஒரே மேஜையின் இரு முனையில் உட்கார்ந்து, மாதக்கணக்கில் பேசாமல் இருந்தார்கள். ஒருநாள் தலைமை ஆசிரியர் ஒரு லஃபெட் பெட்டியைக் கொண்டுவந்து மேஜை நடுவில் வைத்தார். யாருக்கும் எதுவும் விளக்கவில்லை. “சாப்பிட்டுட்டுப் பக்கத்தை முடிங்க” என்று மட்டும் பர்மிய மொழியில் சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் ஒருவர் கை நீட்டினார். கொஞ்ச நேரம் கழித்து மற்றவர்.

பழைய நாளில் இங்கே வழக்கு முடிந்தால் இரு தரப்பும் ஒரே பெட்டியிலிருந்து தேயிலை எடுத்து மெல்ல வேண்டுமாம். மென்றால் தீர்ந்தது. அதற்குப் பிறகு யார் பக்கம் நியாயம் என்று யாரும் பேசக் கூடாது. அனுப்புகிறவர் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, பெட்டியே போதும். வாங்குகிறவரும் மன்னித்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு அறையிலிருந்தும் எடுத்துத் தின்றால் போதும்.

எதிர் நடைபாதையில் நின்று நான் பார்த்தது இதைத்தான். காசிம் பாய் பெட்டியைத் திருப்பினார், எடுத்தார், மென்றார். மறுபடி திருப்பினார். பசிக்காரன் அப்படிச் சாப்பிட மாட்டான். ஒரே அறையில் கையை விட்டு அள்ளுவான். பாய் ஒரு சுற்று சுற்றி, கடைசியில் நடு அறையிலிருந்தும் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு, விரலைத் துடைத்து, மூடியை மூடினார்.

மேலே எஸ்தர் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றிருந்தாள். மா தீடாவைக் காணவில்லை.

கதவு

“நான் ஃப்ரீசருக்குத்தான் அனுப்பினேன் மம்மி. மா தீடா கீழ நிப்பாங்கன்னுதான்... மாமா வந்து வாங்குவார்னு எனக்கு எப்படித் தெரியும்? பிள்ளைங்களுக்குக் காணாமப் போச்சுன்னா?”

“மெதுவாப் பேசு. டாடி முழிச்சிருவார்.”

“போய்ச் சொல்லிட்டு வரட்டுமா, தப்பா வந்திருச்சுன்னு?”

நான் பதில் சொல்வதற்கு முன்னால் படியில் காலடி கேட்டது. ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று வந்தது. பாய்க்கு முழங்கால் வலி. கதவு தட்டும் சத்தத்துக்கு செல்வராஜ் எழுந்துவிட்டார். நான் போவதற்குள் ஈரத்துண்டோடு அவரே போய்த் திறந்தார்.

வாசலில் காசிம் பாய். நெற்றியில் வேர்வை. கையில் எங்கள் பெட்டி.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாய்தான் முதலில் பேசினார்.

“அனுப்பினது வந்துச்சு செல்வம்.”

“என்ன அனுப்பினேன்?”

“கடலை உருண்டை. எல்லா அறையிலயும் எடுத்துக்கிட்டேன். உப்பு ஒரு கல்லு தூக்கல்.”

செல்வராஜ் பெட்டியைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு எஸ்தரின் கையைப் பார்த்தார். விரல் நுனியெல்லாம் சாக்லேட். அவர் பொய் சொல்லத் தெரியாதவர். பட்டறைக் கணக்கில் ஒரு திருகாணி குறைந்தாலும் குறைந்தது என்றே எழுதியவர். “நான் அனுப்பலை பாய்” என்று இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் வாயைத் திறந்ததையும் பார்த்தேன்.

“நான்...” என்றார். மூச்சு இழுத்தது. நிறுத்தினார்.

“இன்னும் இழுக்குதா?” என்றார் பாய்.

“ஏறி வந்தது நீங்க பாய். மூச்சு வாங்குறது நானா?”

பாய் சிரித்தார். சிரிக்கும்போது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். செல்வராஜ் ஒதுங்கி வழிவிட்டார். இந்த முறை சுவரோரமாக அல்ல, வீட்டுக்குள்ளே பார்த்து.

“உள்ள வாங்க. ஃபேன் ஓடாது.”

“என் வீட்டுல மட்டும் ஓடுதா? யாடே.” பரவாயில்லை என்பதற்கு நாங்கள் எல்லாரும் சொல்லும் பர்மியச் சொல் அது.

மேஜைமேல் பெட்டியை வைத்து மூடியைத் திறந்தார். நடு அறையில் பச்சைத் தேயிலை, எண்ணெய் மினுமினுப்போடு. சுற்றிலும் வறுத்த கடலை, எள், பூண்டு. வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது இந்த ஊர் முறை, எங்கள் முறையும்தான். உருண்டை ஒன்றுகூட அதில் இல்லை. எஸ்தரின் முகம் வாடியது.

“உருண்டை எங்க மாமா?” என்றாள், தாங்க முடியாமல்.

“ஐஸ் தட்டுல அடுக்கி ஃப்ரீசர்ல வச்சிருக்கு. காலையில கோயிலுக்குப் போறப்ப எடுத்துக்க.” பிறகு என்னிடம் திரும்பினார். “அரக்குப் பெட்டியை ஃப்ரீசர்ல வச்சா வெடிச்சுப்போகும்னு பிள்ளைக்குச் சொல்லித் தரலையா தங்கச்சி?”

செல்வராஜ் ஒரு சிட்டிகை தேயிலையை எடுத்தார். கடலையோடு சேர்த்து வாயில் போட்டார். நிதானமாக மென்றார். பாயும் எடுத்தார்.

அதற்கப்புறம் அவர்கள் பேசியது மோட்டார் பம்பைப் பற்றி. மின்சாரம் வந்ததும் எல்லா மாடியும் ஒரே நேரத்தில் தண்ணீர் ஏற்றுவதால் யாருக்கும் ஏறுவதில்லை என்பதைப் பற்றி. பினாங்கில் லிஃப்ட் உண்டாம். மகன் பதினோராம் மாடியில் இருக்கிறானாம். “கயிறு விட்டா எட்டாது” என்றார் பாய். ஜெனரேட்டரைப் பற்றிப் பேசவில்லை.

தெருவில் திடீரென்று பிள்ளைகளின் கூச்சல் எழுந்தது. “மீ லாபி, மீ லாபி” என்று மாடிக்கு மாடி தொற்றிக்கொண்டு போயிற்று. மின்சாரம் வந்துவிட்டால் இந்த ஊர்ப் பிள்ளைகள் போடும் சத்தம். தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றது. பாய் எழுந்தார். ஃப்ரீசரை ஜெனரேட்டரிலிருந்து லைனுக்கு மாற்ற வேண்டும்.

செல்வராஜ் அவரோடு படி வரைக்கும் போனார். நான் உள்ளேயிருந்து கேட்டேன்.

“வார்டு ஆபீஸ் தூரம்தான் பாய்.”

பாயின் காலடி ஒரு படி இறங்கி நின்றது. பிறகு, “வெயில்ல வேற நடந்திருக்கே” என்றார்.

இரண்டு திருத்தங்கள்

கதவைச் சாத்திவிட்டு வந்து செல்வராஜ் எஸ்தரைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். போன் செய்தது, தடுப்பு இருக்கிறதே என்று பெட்டியை எடுத்தது, மா தீடாவை எதிர்பார்த்தது.

கேட்டுவிட்டு மேஜையருகே போனார். தட்டில் மீந்திருந்த ஒரு உருண்டையை எடுத்துக் கடித்தார். சாக்லேட் விரலில் ஒட்டியது.

“சரி. பாய்க்குத் தெரிய வேண்டாம்” என்றார்.

மறுநாள் விடியற்காலை, கோயிலுக்குக் கிளம்பி, நானும் எஸ்தரும் கடைக்குப் போனோம். பாய் இன்னும் இறங்கி வரவில்லை. மா தீடா ஃப்ரீசரைத் திறந்து ஐஸ் தட்டுகளை எடுத்தாள். உருண்டைகள் கல்லாக இருந்தன. ஒன்றோடொன்று தட்டினால் சத்தம் கேட்டது. சாக்லேட்டின் மேல் மெல்லிய வெள்ளைப் பனி.

எனக்கு ஒரு விஷயம் இரவிலிருந்து உறுத்திக்கொண்டிருந்தது. கோயிலுக்குப் போகும்போது எடுத்துக்கொள் என்று பாய் எஸ்தரிடம் சொன்னாரே. அவை கோயிலுக்கு என்று அவருக்கு யார் சொன்னது?

மா தீடாவிடம் கேட்டேன். அவள் பர்மிய மொழியில்தான் பேசுவாள்.

“நான்தான் சொன்னேன் ஆன்ட்டி. எஸ்தர் போன் பண்ணினதும் அவரிடம் போய்க் கேட்டேன். அவருடைய ஃப்ரீசர், கேட்காமல் நான் எப்படி வைக்க முடியும்?”

“என்ன சொன்னார்?”

“வைக்கச் சொன்னார். எதில் இறக்குகிறார்கள் என்று கேட்டார். தெரியாது என்றேன். அப்புறம் வாசலில் நின்று மேலே பார்த்துக்கொண்டே இருந்தார். பெட்டி கம்பிக்கு வெளியே வந்ததும் என்னைப் போய் ஐஸ் வாங்கிவரச் சொன்னார்.”

“ஐஸா?”

“கடையில் ஐஸ் இருந்தது ஆன்ட்டி” என்றாள் மா தீடா. தட்டுகளைப் பையில் வைத்து எஸ்தரிடம் கொடுத்தாள்.

செய்தியில் பிழை இருந்தால் மறுநாள் இரண்டாம் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் திருத்தம் போட வேண்டும். எங்கள் நாளிதழில் அதை எழுதுவது என் வேலையாக இருந்தது. என்ன வெளியானது, எது சரி, அவ்வளவுதான். வருந்துகிறோம் என்று ஒரு சொல். பல வருடம் எழுதியிருக்கிறேன்.

செல்வராஜிடம் ஒரு திருத்தம் சொல்லியிருக்கலாம். பாயிடம் ஒன்று சொல்லியிருக்கலாம். இரண்டையும் சொல்லவில்லை. எஸ்தரிடமும் வேண்டாம் என்றேன். “மம்மி, அப்போ அது டாடி அனுப்பலைன்னு ரெண்டு பேருக்குமே தெரியும்” என்றாள். தெரியும்தான்.

பிள்ளைகளிடம் உருண்டைகள் நிற்கவில்லை. ஒரு சின்னப் பெண் சாக்லேட்டை முழுக்க நக்கித் தீர்த்துவிட்டு, உள்ளேயிருந்த கடலை உருண்டையை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். “உள்ள பழைய மிட்டாய் இருக்கு ஆன்ட்டி” என்றாள்.

புதன்கிழமைக்குப் பிறகு

திங்களும் செவ்வாயும் இரண்டாவது முக்காலியும் வெளியே வந்தது. செல்வராஜ் சாயங்காலம் இறங்கிப் போய், விளக்கு வைத்த பிறகுதான் ஏறினார். நான் இரண்டு நாளும் மணியை ஆட்டவில்லை. என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு, “ஒண்ணுமில்ல, சும்மா” என்றார்.

புதன்கிழமை காலை பாயின் சாமான் டாக்ஸியில் ஏறியது. இரண்டு பெட்டி, ஒரு தொழுகை விரிப்பு, கையில் ஒரு பை. அந்தப் பையில் எஸ்தர் கொடுத்த ஒரு டப்பா. இந்த முறை உப்பு குறைவாகப் போட்டிருந்தாள். விமானத்தில் உருகிவிடும் என்று நான் சொன்னேன். “உருகினா வழிச்சுத் தின்னுட்டுப் போறேன்” என்றார் பாய்.

செல்வராஜ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்ஸிக்காரர் இஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

ஃப்ரீசரை மா தீடா எடுத்துக்கொண்டாள். இன்சீன் சந்தையில் ஐஸ் வியாபாரம் செய்கிறாள். ஈஸ்டர் உருண்டை இனிமேல் எங்கே உறையும் என்று எங்களுக்குத் தெரியாது.

மழைக்கு முன்னால் கடைக்குப் புதிய ஆள் வந்தார். கைபேசி உறையும் சார்ஜரும் விற்கிறார். எங்களை அவருக்குத் தெரியாது, நாங்களும் அவரை அறியோம். வந்த மூன்றாம் நாள் மின்சாரம் போனது. கீழேயிருந்து ஜெனரேட்டர் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் படிக்கட்டு வழியாகப் புகை ஏறி எங்கள் கதவின் அடியில் நுழைந்தது.

செல்வராஜ் எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, படி இறங்கினார்.